கடைமடையில் நடாத நாற்று

உங்கள் ஆசிரியர் சென்ற மாதம் பதினான்கு கருத்துரைகளை என்னிடம் படிக்கக் கொடுத்தார். எல்லாம் புதிதாகப் பரிசீலகர்களாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் கட்டுரைகளைப் படித்து எழுதியவை. கூட்டல் கழித்தலைச் சரிபார்த்திருக்கிறீர்கள். முன்னால் நடந்த ஆய்வுகளைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறாரா என்று பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பதினான்கில் ஒன்றிலும் எழுதியவர் பயந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் பயந்துகொண்டே இருந்தவன். பக்கத்தை எண்ணுவேன், அட்டவணையை எண்ணுவேன், அச்சேறுவதற்கு முன் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். என்னை நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். எதற்காகப் பயந்தேன் என்பதற்கு ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன்.

அது யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. எங்கள் வேளாண்மைக் காலாண்டிதழ் உத்தமபாளையத்தில் ஓர் அச்சுக்கூடத்தின் மாடியறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அட்டையில் பெயர் இருந்த ஆசிரியர் மதுரையில் இருந்தார். இதழைச் சுமந்தவன் நான். முன்பக்கங்களில் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள். கடைசியில் தமிழில் ஒரே ஒரு தாள், அந்தக் கட்டுரைகளின் சாரம். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை விதைக் கிடங்கு, சங்கக் கட்டடம், டீக்கடை எங்கும் அந்தத் தாளைக் கிழித்து ஒட்டுவார்கள். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். கேட்டவர்கள் நேரே வயலுக்குப் போய்விடுவார்கள். பட்டணத்துப் பத்திரிகையில் ஒரு பிழை வந்தால் அடுத்த இதழில் இன்னொருவர் மறுத்து எழுதுவார், அத்தோடு முடிந்தது. எங்கள் பிழை சேற்றில் இறங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுக்க ஒரு போகம் ஆகும்.

சித்திரையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரைக் கத்தரித்துவிட்டுத்தான் பரிசீலகர்களுக்கு அனுப்புவோம். ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த சோதனைப் பண்ணை ஒன்றே ஒன்று, கம்பத்துக்குப் பக்கத்தில். அதில் பட்டம் படித்த உதவியாளரும் ஒரே ஒருவன், பெருமாள் என்ற கூடலூர்ப் பையன். பெயரை வெட்டினாலும் எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல நடந்துகொள்வதுதான் எங்கள் ரகசியக் காப்பு.

கட்டுரை சொன்னது இது. நம் பக்கத்தில் குத்துக்கு ஐந்தாறு நாற்றாகச் சேர்த்து நடுகிறார்கள். அதற்குப் பதில் ஒற்றை நாற்றாக இடம்விட்டு நட்டால் விளைச்சல் கூடுகிறது. விதையும் மூன்றில் ஒரு பங்கு போதும். மூன்று வருடச் சோதனை, அழகான அட்டவணைகள்.

பஞ்ச காலத்தில் இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மிச்சமாகும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கலாம். விவசாய இலாகாவின் மேலதிகாரி ஒருவர் என் மாடியறைக்குத் தாமே படியேறி வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை.

"ஆனி இதழில் இது வந்தாக வேண்டும். முதல் போகத்துக்கு நாற்று விடுமுன் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும்" என்றார்.

"பரிசீலகர்கள் இரண்டு பேரும் சரி என்று சொன்னால் போட்டுவிடலாம்" என்றேன்.

"ஜனம் பசியில் இருக்கும்போது உமக்குப் பரிசீலனை!"

எனக்கும் அது உறைத்தது. ஆனால் என் பயம் வேறு இடத்தில் இருந்தது. தவறான எருவைச் சொல்லிவிட்டால் அடுத்த முறை திருத்திச் சொல்லலாம். தின்ற விதையை எப்படித் திருத்துவது?

முதல் பரிசீலகர் கோயம்புத்தூரில் இருந்த பெரியவர். அட்டவணைகளில் இருந்த எண்கள் அத்தனையையும் தாமே கூட்டிப் பார்த்து, முறையாகச் செய்த ஆய்வு என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டாவது பரிசீலகன் சவரிமுத்து. சின்னமனூர் விதைக் கிடங்கில் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெருமாளோடு ஒரே கல்லூரியில் படித்தவன். கிழக்கே வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்த ஒரு கத்தோலிக்கக் கிராமத்துக்காரன், விவசாயி மகன். அவன் பரிசீலித்த முதல் கட்டுரை அது. பள்ளத்தாக்கை அறிந்த பிள்ளை, நம்மை உலுக்கி எடுப்பான் என்று நம்பி அனுப்பினேன். மூன்று வரி எழுதியிருந்தான். நல்ல ஆய்வு, பயனுள்ளது, உடனே அச்சிடலாம்.

வரச் சொன்னேன். வந்தான்.

"பதினோரு பக்கக் கட்டுரைக்கு மூணு வரி எழுதியிருக்கீக தம்பி. வரிக்கு நாலு பக்கத்த முழுங்கிட்டீக."

"குத்தம் இல்லையே சார். இல்லாத குத்தத்த எங்கன போயித் தேட?"

"குத்தம் தேட வேணாம். இது தப்பா இருந்தா, எதனால தப்பா இருக்கும்? அத ஒரு வரி எழுதுங்க."

"தப்பா இருக்காது சார்."

அதை அவன் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. "எப்பிடித் தெரியும்?" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பிறகு, "எங்க அய்யா நாத்து விட்டாச்சு சார்" என்றான்.

"எதுக்கு?"

"ஒத்தை நாத்து நடத்தான். கெணத்துத் தண்ணிய எறச்சு நாத்தாங்கால் போட்டாக. மூணுல ஒரு பங்கு விதைதான் போட்டாக. மிச்சத்தக் குத்திச் சாப்பிட்டாச்சு. தங்கச்சி பிள்ள பெத்து வந்திருக்கு சார். வீட்டுல பத்து வாயி. எனக்குத் தெரிஞ்ச நல்ல சேதிய எங்கய்யாகிட்டச் சொல்லாம எப்பிடி இருக்க?"

பரிசீலனைக்கு வந்த கட்டுரையில் உள்ளதை அச்சுக்கு முன் எவரிடமும் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. அவன் அதை மீறிவிட்டான். ஆனால் என்னைக் கலக்கியது விதி அல்ல. இந்தக் கட்டுரை உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் அவன் போய் நின்றுகொண்டிருந்தான். அப்படி நிற்பவனுக்குக் கண் தெரியாது.

"திட்டிருங்க சார்" என்றான்.

"திட்ட நேரமில்ல. உங்க அய்யா வயல் எங்கன இருக்கு?"

"கடைமடையில சார். எங்களுக்குப் பெறகு வாய்க்கா கெடையாது."

விதிப்படி அந்தக் கட்டுரையை அவனிடமிருந்து வாங்கி வேறொருவருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அன்று பகல் முழுவதும் அதை யோசித்தேன். வேறு யாருக்கு அனுப்பினாலும் கோயம்புத்தூர்ப் பெரியவரைப் போல எண்களைக் கூட்டுவார்கள். இவன் ஒருவன்தான் அது தவறானால் பட்டினி கிடப்பவன். ஆசையைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டால் இவனைப் போல் யாரும் கூர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. இதை நீங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். "வாங்க, அந்தப் பண்ணை வயலப் பாத்துட்டு வருவம்" என்றேன்.

பண்ணையில் உழவுக் காளை பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். ஏற்றத்தில் நின்றுவிட்டது. பத்தொன்பது பேர் இறங்கித் தள்ளினோம். இருபதாவது ஆள் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆனி பிறந்து பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அச்சுக்கூடத்தில் ஆனி இதழுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

பெருமாள் வரப்பில் நின்றபடியே வரவேற்றான்.

"வாங்க சார். வாடா மாப்ள. காளை பாக்க வந்தீகளாமே? காளைக கொட்டத்துல நிக்கிது. நான் இங்கன நிக்கிறேன். எத மொதல்ல பாக்கணும்?"

சவரிமுத்து சிரிக்க முயன்றான். "ஒன்னையப் பாத்தாப் போதும்டா."

சோதனை வயல்கள் எட்டு. ஒற்றை நாற்று நட்டவை நான்கு, சேர்த்து நட்டவை நான்கு. முளைக்குச்சிகள் அப்படியே இருந்தன. நான் எண்ணினேன். கட்டுரையில் சொன்னபடி சரியாக இருந்தது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சவரிமுத்துதான் கேட்டான். "ஒத்தை நாத்து வய நாலும் ஏன்டா இந்த மூலையிலயே இருக்கு?"

"சனிமூலைடா. புதுசா ஒரு காரியத்தத் தொடங்குனா வேற எங்கன தொடங்குவாக? உங்கய்யா எங்கன தொடங்குவாக?"

"இதே மூலையிலதான். தீர்த்தத்தத் தெளிச்சு."

"பெறகென்ன?"

நானும் தலையாட்டினேன். வயலின் வடகிழக்கு மூலைதான் சனிமூலை. ஏர் பூட்டினாலும் விதைத்தாலும் நட்டாலும் அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும். என் வீட்டு நிலத்திலும் அப்படித்தான். பண்ணை வேலைக்கு வந்த நடவுப் பெண்களும், கணக்கனும், பெருமாளும் யாரும் யாரையும் கேட்காமலே மூன்று வருடமும் புது நடவை அங்கேதான் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வலது கையால் சாப்பிட்டேன் என்று யாராவது எழுதுவார்களா? எழுதாததால் கோயம்புத்தூர்ப் பெரியவருக்குத் தெரிய வழியில்லை. எழுதியிருந்தாலும் நாங்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டே கடந்திருப்போம்.

சவரிமுத்து அந்த மூலைக்குப் போனான். அந்தப் பண்ணையில் மடை திறப்பதும் அங்கேதான். வாய்க்கால் தண்ணீர் சனிமூலை வயலில் விழுந்து நிறைந்துகொண்டிருந்தது. கீழே, சேர்த்து நடுகிற நான்கு வயல்களும் வெடித்துக் காய்ந்து கிடந்தன. தண்ணீரையும் அந்த வெடிப்பையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். கழுத்து வியர்த்திருந்தது. சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"கீழ் வயலுக்குத் தண்ணி எப்பப் போகும்?"

"மேல நெறஞ்சுதான கீழ வரும். நாளாகும்டா. மொற வச்சுத் தண்ணி விட்டா இன்னும் தள்ளிப்போகும்."

"அதுவரைக்கும் நாத்து?"

"நாத்தாங்கால்லதான் நிக்கும்."

"அப்ப ஒத்தை நாத்த இளசா, நெறஞ்ச தண்ணியில நட்டிருக்க. கத்தை நாத்த முத்துன பெறகு, கெடச்ச தண்ணியில நட்டிருக்க."

பெருமாள் குனிந்து ஒரு முளைக்குச்சியை அழுத்தி நட்டான். "ரெண்டும் ஒரே நாத்துடா" என்றான்.

"நாத்து ஒண்ணு. நட்ட நாளு ஒண்ணா?"

விளைந்தது ஒற்றை நடவினாலா, மடைத் தண்ணீரினாலா என்று இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பெருமாளுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"ஏலே, மாடு பாக்க வந்தவன் மாட்டப் பாத்துட்டுப் போகணும். இந்தப் பேப்பரு வந்தாத்தான் என் வேலைய நிரந்தரமாக்குவாக. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. இது சரியா இருக்கணும்னு ஒன்னைய விட நான்தான் அதிகமா வேண்டிக்கிட்டேன்."

"நீ எதுக்கு வேண்டிக்கணும்?"

சவரிமுத்து தகப்பனாரின் நாற்றாங்காலைப் பற்றிச் சொன்னான். பெருமாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் காளைகளைப் பார்க்காமலே திரும்பினோம்.

அவன் கேட்டுக்கொண்டதால் மறுநாள் நானும் அவனோடு கிராமத்துக்குப் போனேன். அவனுடைய தகப்பனார் அந்தோணி நாற்றாங்கால் ஓரத்தில் நின்றிருந்தார். சின்னஞ்சிறு பாத்தி. அவருடைய நிலத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு கைக்குட்டை.

"வாங்கய்யா, புத்தகக்காரரு. மகன் சொன்னது எப்பப் புத்தகத்துல வரும்?"

சவரிமுத்து முந்திக்கொண்டான். "வராதுய்யா." மடையையும் கீழ் வயலையும் சொன்னான். ஒற்றை நாற்று தூர் கட்டி வளர நல்ல தண்ணீர் வேண்டும், கடைமடையில் அதை இதுவரை எவரும் நட்டுப் பார்க்கவில்லை என்றான். தான் சொன்னது தவறு என்றான். அடித்தால் வாங்கிக்கொள்கிறவனைப் போலக் கையைத் தொங்கவிட்டு நின்றான்.

அந்தோணி அடிக்கவில்லை. "அப்ப நான் தின்ன நெல்லு?" என்றார்.

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, காலேசுப் பரீச்சையில மாத்தி எழுதுனா மார்க்கு கொறையும். இங்கன மாத்தி எழுதுனா ஒலையில்ல காயும்." நாற்றை ஒரு பிடி பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "நாத்துல பாதியக் கத்தையா நடுவம். பாதிய ஒத்தையா நடுவம். மிச்ச நெலத்துல கேப்பையப் போடுவம். எது போனாலும் ஒண்ணு நிக்கும்ல."

சவரிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான். "ரெண்டையும் ஒரே நாள்ல, அடுத்தடுத்த பாத்தியில மாத்தி மாத்தி நடலாமாய்யா?"

"எதுக்கு?"

"கடைமடையில எது நிக்கும்னு பாக்கத்தான். பெருமாள் வந்து குச்சி அடிச்சுத் தருவான்."

அவர் பிடுங்கிய நாற்றை மகன் கையில் திணித்தார். "என் சோத்துல ஒனக்குச் சோதனையாக்கும்" என்றார். பிறகு, "நட்டுத் தொலை."

சவரிமுத்துவின் இரண்டாவது கருத்துரை ஐந்து பக்கத்தில் வந்தது. அதன் முதல் வாக்கியம்: "இந்தக் கட்டுரையின் முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், என் தகப்பனார் இதை நம்பி நாற்று விட்டிருக்கிறார்." நான் அப்படி எழுதச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் ஏழு இடங்களில் கடுஞ்சொல் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவனுக்கு, அதுவும் அந்தப் பிழையில் தானும் விழுந்தவனுக்கு, நாக்கு நீளும். அந்த ஏழு சொல்லையும் அடித்துவிட்டேன். முதல் வாக்கியத்தைத் தொடவில்லை. அதன் பிறகு நான் ஒரு கட்டுரையை யாருக்கு அனுப்பினாலும் ஒரு கேள்வியைச் சேர்த்தே அனுப்பினேன்: இது உண்மையானால் உங்களுக்கு என்ன லாபம்? பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபித்தவர்களின் கருத்துரையை இன்னும் ஒருமுறை படித்தேன்.

அந்தக் கட்டுரை ஆனி இதழில் வராது என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"கோயம்புத்தூரில் சரி என்று எழுதியிருக்கிறார்களே?"

"அவர் எண்களைப் பார்த்தார். மடையைப் பார்க்க அவருக்கு வழியில்லை."

"ஒரு விதைக் கிடங்குப் பையன் சொன்னதற்காக ஒரு போகத்தையே தள்ளிப்போடுகிறீர். இது சரியான முறை என்று பின்னால் தெரிந்தால், இந்த வருடம் ஜனம் இழந்த நெல்லுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான்" என்றேன். தைரியத்தால் சொன்னதல்ல. வேறு பதில் இல்லை.

காலியாக இருந்த இடத்தில் நெல் குதிரில் வண்டு விழாமல் காப்பது எப்படி என்ற குறிப்பைப் போட்டோம். அந்தப் போகம் முழுவதும் எனக்கு இரண்டு பயம். அந்தக் கட்டுரை தவறாக இருக்குமோ என்பது ஒன்று. சரியாக இருக்குமோ என்பது மற்றொன்று. தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடைக்காரர்கள் வழக்கம்போல விதையை அள்ளி இறைத்து நாற்று விடுவதைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தேன். அதில் பாதி வீண் என்றால், அந்தச் சோற்றைத் தட்டிவிட்டவன் நான். அச்சிட்டால்தான் பொறுப்பு என்று நினைக்காதீர்கள். நிறுத்தி வைத்தாலும் பொறுப்புத்தான். இரண்டுக்கும் பயந்தால்தான் நடுவில் ஒரு வழி தெரியும்.

பெருமாளின் வேலை அந்த வருடம் நிரந்தரமாகவில்லை. எட்டு வயலையும் கலைத்து, மேலும் கீழுமாக மாற்றி நட்டு, கடைமடை முடிவையும் சேர்த்து மறுபடி எழுதினான். ஒற்றை நடவு தலைமடைக்கு நல்லது, தண்ணீர் பிந்துகிற இடத்துக்கு ஆகாது என்று அது பிறகு அச்சில் வந்தது. அதற்குள் என் தலை பாதி நரைத்துவிட்டது.

அறுவடை அன்று நான் அந்தோணியின் வயலுக்குப் போயிருந்தேன். பெருமாள் தராசும் சாக்கும் கொண்டு வந்திருந்தான். எண்ண வேண்டியதே இல்லை. வரப்பிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. கத்தையாக நட்ட பாத்திகள் சுமாராக நின்றன. ஒற்றை நட்ட பாத்திகளில் இடையிடையே மண் தெரிந்தது. அப்பால் கேழ்வரகு மட்டும் நன்றாகக் கதிர் பிடித்திருந்தது. அந்த வீட்டின் பத்து வாய்க்கும் அந்த வருடம் நெல்லுச் சோறு கிடையாது. வரப்பில் நின்ற நான்கு பேருக்கும் அது தெரிந்தது.

அந்தோணி அரிவாளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாத்தீகளாய்யா? இந்தப் பாத்தியில நெல்லு வெளஞ்சிருக்கு. அந்தப் பாத்தியில படிப்பு வெளஞ்சிருக்கு. வீட்டுக்கு எதக் கொண்டுபோக?"

சவரிமுத்து மெலிந்த பாத்தியில் இறங்கி அறுக்கத் தொடங்கினான். இரண்டு பாத்தியின் நெல்லும் கலந்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், தனித்தனியாக அடித்துத் தனித்தனியாக நிறுக்க வேண்டும் என்று சொல்லிவிட நான் அந்தோணியை நோக்கித் திரும்பினேன். அவருக்குப் பின்னால், வழக்கமான களத்துக்குப் பக்கத்திலேயே, மெலிந்த பாத்திக்கென்று தனியாக அவரே சாணமிட்டு மெழுகிய இன்னொரு சிறு களம் காய்ந்துகொண்டிருந்தது.